கேள்வி மட்டும்தான் கேட்டோம்

ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை கோதைநாச்சியார் தாங்கள் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

செவல்பாறைத் தொகுதியில் பொதுநல முன்னணியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சி உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் நாள் அது. வேட்பாளரைத் தலைமை அறிவிக்கிற காலம் போய், எல்லாக் கட்சிகளும் தொகுதிதோறும் முன்தேர்தல் வைத்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டிருந்தது. அந்தச் சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. உறுப்பினர்களில் பாதிப் பேராவது ஓட்டுப் போடாவிட்டால் முன்தேர்தல் செல்லாது. ஒரே ஒரு முறை மறுபடி நடத்தலாம். அதற்கும் ஆள் வராவிட்டால் அந்தக் கட்சி அந்தத் தொகுதியில் நிற்க முடியாது. லெட்டர்பேடு கட்சிகளை ஒழிக்க எழுதிய விதி அது. முன்னணியைப் போல வேரூன்றிய கட்சி அதில் மாட்டும் என்று யாரும் நினைத்ததில்லை.

கோதை, வழக்கறிஞர் தவசிமுத்துவின் பிரசாரப் பொறுப்பாளர். பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவள். தீப்பெட்டி ஆலைத் தொழிலாளிகளுக்காக வாழ்நாள் முழுக்கக் கோர்ட் வாசலில் நின்ற மனிதர் தேர்தலில் நிற்கிறார் என்று கேள்விப்பட்டு, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தாள். எதிர்த்து நின்றவர் டாக்டர் பெல்சியா. அரசு மருத்துவமனையில் இருபது வருஷம் வேலை பார்த்துவிட்டு, அந்த மருத்துவமனையைத் தனியாருக்குக் குத்தகை விடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் வேலையை விட்டு வெளியே வந்து போராடியவர். தவசிமுத்துவும் அதே போராட்டத்தில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்தான். குத்தகையை எதிர்க்கிற ஒரே கட்சி முன்னணி. இருவரில் யார் நின்றாலும் மருத்துவமனை தப்பிக்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில் எப்படித் தேர்ந்தெடுப்பது? கோதை அதற்குத்தான் ‘செவி’யை வாங்கினாள்.

செவி ஒரு பிரசார இயந்திரம். சென்னையில் ஒரு நிறுவனம் நடத்துகிறது. ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனித்தனியாக ஒரு குரல் செய்தி தயாரித்து அனுப்பும். ஒருவருக்குப் போனது இன்னொருவருக்குப் போகாது. யாருக்கு எது வலிக்கும், எது உறுத்தும் என்று முதலில் கற்றுக்கொள்ளும். அதற்கு வேண்டிய தீனி கட்சியிடமே இருந்தது. முன்னணி பல வருஷமாக உறுப்பினர்களுக்காக ஒரு உதவி எண் வைத்திருந்தது. ரேஷன் கார்டு வராதது முதல் மகன் வீட்டை விட்டுப் போனது வரை ஜனங்கள் அதில் கொட்டித் தீர்த்திருந்தார்கள். வெளிக்கட்சிக்காரனுக்குக் கிடைக்காத புதையல் அது. உட்கட்சிப் போட்டி என்பதால் இரண்டு தரப்புக்கும் அதைத் திறந்துவிட்டது கட்சி.

பொய் சொல்லக் கூடாது என்பது தேர்தல் விதி. செவி பொய்யே சொல்லாது. கேள்வி கேட்கும். டாக்டரைப் பற்றி இவருக்கு ஒரு கேள்வி, அவருக்கு வேறொரு கேள்வி. கடைசியில், இது தவசிமுத்து ஆதரவுக் குழுவின் செய்தி என்று நாணயமாகச் சொல்லியும் விடும். செய்தியைக் கேட்டவர் எவ்வளவு நேரம் கேட்டார், மறுபடி ஓடவிட்டாரா, அதற்குப் பிறகு டாக்டரின் செய்திகளைத் திறந்தாரா என்பதையெல்லாம் வைத்து, டாக்டர் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கோதையின் திரையில் காட்டும். மூன்று வாரமாக அந்தக் கோடு இறங்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு நாள் காலையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் காபி குடித்தாள்.

ஆனால் ஞாயிறு மதியம், வாக்குச்சாவடியில் இருந்த ஆட்கள் ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். கூட்டம் இல்லை என்றார்கள். வெயில் தாழட்டும் என்றாள் கோதை. வெயில் தாழ்ந்தும் வரவில்லை. கடலைமிட்டாய் பேக்கிங் ஷெட் இருக்கிற தெற்குத் தெருவில், முன்னணிக் கொடி இல்லாத வீடே இல்லாத தெருவில், காலையிலிருந்து நாலைந்து பேர்தான் வந்திருந்தார்கள். சாயங்காலம் எண்ணி முடித்தபோது பாதி என்ன, கால்வாசி உறுப்பினர்கள்கூட ஓட்டுப் போட்டிருக்கவில்லை. தவசிமுத்துவுக்கு டாக்டரைவிடக் கொஞ்சம் கூடுதலாக விழுந்திருந்தது. அதற்கு அர்த்தம் ஏதும் இல்லை. முன்தேர்தல் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். அடுத்த ஞாயிறு கடைசி வாய்ப்பு.

மறுநாள் காலை கோதை செவி நிறுவனத்தின் பொறியாளர் ஹரிகோவிந்தைத் திரையில் பிடித்தாள். இயந்திரத்தில் எங்கோ கோளாறு என்று அவள் நம்பினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கோளாறு எதுவும் இல்லை, கேட்டதைச் சரியாகச் செய்திருக்கிறது என்றார்.

“என்ன சார் சொல்றீங்க? எங்களுக்கு ஓட்டே விழலையே.”

“எதிராளி மேல நம்பிக்கை குறையணும்னு கேட்டீங்க மேடம். குறைஞ்சிருக்கு. உங்க ஆள் மேல ஏறணும்னு நீங்க கேக்கல.”

“அது தானா ஏறாதா?”

வெளிக்கட்சி எதிராளியாக இருந்தால் ஏறும் என்றார் ஹரிகோவிந்த். அங்கே பிடிக்காதவரை இன்னும் பிடிக்காமல் ஆக்குகிறோம். இங்கே உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இரண்டு பேரையும் பிடித்திருந்தது. பிடித்த ஒருவரைப் பற்றிப் பிடித்த இன்னொருவரே இப்படிக் கேட்டால், கேட்டவர் மேலும் கசப்பு வரும். அது மட்டுமில்லை; டாக்டர் தரப்பும் தவசிமுத்துவைப் பற்றி இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது.

“அவங்க எந்த இயந்திரம் வச்சிருக்காங்க?” என்று கேட்டாள் கோதை.

“எங்களோடதுதான் மேடம். ரெண்டு பக்கமும் வாடிக்கையாளர். தனித்தனிச் சுவர் போட்டுத்தான் நடத்துறோம், அதுல தப்பு எதுவும் நடக்கல.”

இனி நம்பிக்கையை ஏற்றுகிற செய்திகளைத் தயாரிக்க முடியுமா என்று கேட்டாள் கோதை. அதையும் காலையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டோம் என்றார் அவர். மாதிரிக்கு அனுப்பிய நல்ல செய்திகளில் ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை. “இறக்க அதுக்கு நல்லாத் தெரியும் மேடம். ஏத்துறதுக்கு இன்னும் வழி கண்டுபிடிக்கல,” என்றார். அவர் குரலில் கேலி இல்லை. உள்ளதைச் சொன்னார்.

திரையை அணைத்துவிட்டுக் கோதை தெற்குத் தெருவுக்குக் கிளம்பினாள். ஏன் வரவில்லை என்று ஒரு ஆளிடமாவது நேரில் கேட்க வேண்டும் போலிருந்தது. யோசித்தபோது சீனியம்மாளின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

சீனியம்மாள் அந்த வார்டின் மகளிர் அணிச் செயலாளர். பேக்கிங் ஷெட்டில் வேலை. கணவர் காட்டில் பாம்பு கடித்து இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கூட்டம் என்றால் ஷெட்டுப் பெண்கள் அத்தனை பேரையும் வேன் ஏற்றிக்கொண்டு முதல் ஆளாக வந்து நிற்பவள். அவளே ஓட்டுப் போட வரவில்லை.

வீட்டுக்குள் கூப்பிட்டு நாற்காலி போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். முகம் மட்டும் கொடுக்கவில்லை. நேற்று உடம்பு சரியில்லையா அக்கா என்று கோதை கேட்டதற்கு, நல்லாத்தான் இருந்தேன் என்றாள். பிறகு அலமாரியிலிருந்து கைப்பேசியை எடுத்து, ஒரு செய்தியை ஓடவிட்டு, கோதையின் முன்னால் வைத்தாள்.

இதமான ஒரு பெண் குரல். தெரிந்தவர் பேசுவது போல நிதானமாகப் பேசியது. ‘சீனியம்மா, உங்க வீட்டுக்காரரைத் தூக்கிட்டு நீங்க ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்த அன்னைக்கு டாக்டர் பெல்சியா டூட்டியில இருந்தாங்க. ஆனா உங்க பக்கத்துல வரல. அவங்க எங்க இருந்தாங்கன்னு நீங்க என்னைக்காவது கேட்டிருக்கீங்களா?’ அவ்வளவுதான். இது தவசிமுத்து ஆதரவுக் குழுவின் செய்தி.

கோதை அந்தச் செய்தியை இதற்கு முன் கேட்டதில்லை. ஆயிரக்கணக்கில் போனவற்றில் அவள் படித்தது முதல் வாரத்தில் பத்திருபது. நன்றாக இருக்கிறது என்று அனுமதி கொடுத்துவிட்டு அதோடு விட்டுவிட்டாள்.

“அவரு போனப்ப யார் மேலயும் எனக்குக் கோவம் இல்ல. விதின்னு நெனச்சேன்,” என்றாள் சீனியம்மாள். “இதைக் கேட்டதுல இருந்து கண்ணை மூடுனா அந்த ஆஸ்பத்திரி வாசல்தான் வருது. அவரைத் திரும்பத் திரும்பச் சாகக் குடுத்துக்கிட்டிருக்கேன்.”

டாக்டர் தரப்பிலிருந்து வந்ததையும் ஓடவிட்டாள். தீப்பெட்டி ஆலைத் தீ விபத்தில் அவள் தங்கைக்குக் கை வெந்துபோனது. அந்த வழக்கைத் தவசிமுத்து ஏன் பாதியிலேயே சமாதானமாக முடித்தார், முதலாளியை எத்தனை முறை தனியாகச் சந்தித்தார் என்று கேட்டது அது. அதே இதமான குரல்.

“அக்கா, இதுல எதுவும் பொய் இல்ல,” என்றாள் கோதை.

“பொய்யின்னா விட்டுத் தள்ளியிருப்பேன் தாயி. நெசந்தான், ஆனா வேற எதுக்கோ கேக்குற மாதிரி இருக்கு.” சீனியம்மாள் அவளை நேராகப் பார்த்தாள். “எங்க வீட்டுக்காரரு செத்த கதையெல்லாம் உங்களுக்கு யாரு சொன்னது?”

கோதைக்குப் பதில் தெரியும். மறைக்காமல் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன் சீனியம்மாளே கட்சியின் உதவி எண்ணில் பேசியிருந்தாள். அது சேமிப்பில் இருந்தது. இயந்திரம் அதை எடுத்துக்கொண்டது.

சீனியம்மாளின் குரல் இறங்கியது. “ஆஸ்பத்திரியில பாம்புக்கடி மருந்து தீந்துபோச்சு, வாங்கி வைக்கச் சொல்லுங்கன்னுதான் நான் போன் போட்டேன். பேசும்போது அழுகை வந்துருச்சு. நான் சொன்னதை யாரும் கேக்கல. அழுததை மட்டும் எடுத்து வச்சிக்கிட்டீக.”

அடுத்த ஞாயிறு ஓட்டுப் போட வருவீர்களா என்று கேட்க நினைத்துத்தான் கோதை வந்திருந்தாள். கேட்காமலே எழுந்தாள். வாசல் வரை வந்த சீனியம்மாள், நான் மட்டுமில்லை, எங்கள் ஷெட்டில் ஒருத்தியும் வரமாட்டாள் என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

தவசிமுத்துவின் அலுவலகத்தில் அன்று மதியம் நாலைந்து கட்சிக்காரர்கள் உட்கார்ந்து, டாக்டர் தரப்பு செய்த அசிங்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கோதை அவர்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சீனியம்மாளிடமிருந்து வாங்கி வந்த செய்தியை ஓடவிட்டாள். தவசிமுத்துவும் செவி அனுப்பிய எதையும் அதுவரை கேட்டதில்லை. கேள்வி கேட்பதில் என்ன தவறு, ஜனநாயகம்தானே என்று தொடக்கத்தில் ஒருமுறை சொன்னதோடு சரி.

கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவருக்குக் கோபம் வரும், இயந்திரத்தைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள் கோதை. அவர் யாரையும் திட்டவில்லை.

“அண்ணாச்சி?”

“டாக்டர் அன்னைக்கு எங்க இருந்தாங்கன்னு எனக்குத் தெரியும்மா,” என்றார். “நான் அங்கதான் இருந்தேன்.”

வேறொரு ஆளைப் பார்க்க அன்று மருத்துவமனைக்குப் போயிருந்ததாகச் சொன்னார். சீனியம்மாளின் கணவரைக் கொண்டுவந்தபோது வாசலிலேயே நின்றிருந்தார். டாக்டர் பெல்சியா பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணோடு அறுவை அறைக்குள் இருந்தார். விட்டுவிட்டு வர முடியாது. அந்தப் பெண் பிழைத்தாள். பாம்புக்கடிக்கு மருந்து கையிருப்பில் இல்லை. டாக்டர் வெளியே வந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை. இதெல்லாம் அன்று அங்கேயே நின்று அவர் அறிந்தது.

“பதில் தெரிஞ்ச கேள்வியை என் பேர்ல அந்தப் பிள்ளைகிட்ட கேக்க விட்டுட்டேன். இயந்திரம் என்ன செய்யும்? அதுக்கு அந்த வாசல் தெரியாது. எனக்குத் தெரியும்ல.”

அன்றே டாக்டர் பெல்சியாவுக்குப் போன் செய்தார். இரண்டு மாதமாக இருவரும் பேசிக்கொண்டதில்லை. வாருங்கள் என்று ஒரே வார்த்தைதான் டாக்டர் சொன்னார்.

மறுநாள் டாக்டரின் கிளினிக்கில் நோயாளிகள் போன பிறகு சந்தித்தார்கள்; கோதையும் கூடப் போயிருந்தாள். தவசிமுத்து சுற்றி வளைக்காமல் தான் செய்ததைச் சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டார். சீனியம்மாள் போன வாரமே தன்னிடம் வந்துவிட்டுப் போனதாகச் சொன்னார். கிளினிக் வாசலில் வெகுநேரம் நின்றிருக்கிறாள். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டாள். எதற்கு வந்தாள் என்று இப்போதுதான் புரிகிறது என்றார். தன் தரப்பு அனுப்பிய தீ விபத்துக் கேள்வியைத் தவசிமுத்து வாயால் கேட்டபோது டாக்டரின் முகம் சிவந்துபோனது. அவரும் அதுவரை அதைக் கேட்டதில்லை.

“அந்தக் கேஸை நீங்க ஏன் முடிச்சீங்கன்னு எனக்குத் தெரியும் அண்ணாச்சி,” என்றார். “நஷ்டஈட்டுப் பணம் வராம பிள்ளைங்க கைக்கு ஆபரேஷன் தள்ளிப் போகக் கூடாதுன்னு உங்களை அவசரப்படுத்தினதே நான்தான்.”

அந்த நேரத்தில்தான் கோதைக்கு விஷயம் முழுதாக உறைத்தது. இரண்டு தரப்பும் கேட்ட கேள்விகளுக்கும் பதில் இருந்தது. தவசிமுத்துவைப் பற்றிய பதில் டாக்டரிடம் இருந்தது. டாக்டரைப் பற்றிய பதில் தவசிமுத்துவிடம் இருந்தது. இருவரும் ஒரே போராட்டப் பந்தலில் உட்கார்ந்தவர்கள், ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். ஊருக்குத்தான் அது தெரியாமல் போயிற்று.

செய்ய வேண்டியதை முடிவு செய்ய அதிக நேரம் ஆகவில்லை. இருவரும் சேர்ந்து போய் ஜனங்கள் முன்னால் உட்காருவது. யாருக்கு என்ன செய்தி வந்ததோ அதை அவர்களே ஓடவிடட்டும். கேட்டவரை வைத்துக்கொண்டே பதில் சொல்வது. கட்சி மாவட்ட அலுவலகத்துக்கு இது பிடிக்கவில்லை. நம் அழுக்கை நாமே தெருவில் கொட்டுவதா என்று கேட்டார்கள். செய்திகளைப் பொதுவில் ஓடவிட்டால் ஒப்பந்த மீறல் ஆகும் என்று ஹரிகோவிந்தின் நிறுவனம் எச்சரித்தது. தவசிமுத்து அதற்கு மட்டும் சிரித்தார். வழக்குப் போடட்டும், நானே ஆஜராகிறேன் என்றார். கோதை அன்றைக்கே செவியை நிறுத்தினாள். டாக்டர் தரப்பிலும் நிறுத்தினார்கள். உறுப்பினர்களின் பழைய குரல் பதிவுகளை அழிக்கச் சொல்லி இரண்டு தரப்பும் சேர்ந்து தலைமையிடம் கேட்டது. தலைமை கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டுப் பிறகு ஒப்புக்கொண்டது.

முதலில் போனது பேக்கிங் ஷெட்டுக்கு. சாப்பாட்டு இடைவேளை. வறுத்த கடலையும் பாகும் மணக்கிற தகரக் கூரைக்குக் கீழே பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் ஒன்றாக உள்ளே வந்தபோது பெண்கள் தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் தரையிலேயே உட்கார்ந்தார். முழங்கால் வலியுள்ள தவசிமுத்து ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

வந்த காரணத்தைச் சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சீனியம்மாள் எழுந்து வந்து தன் கைப்பேசியை அவர்கள் நடுவில் வைத்தாள். அந்த இதமான குரல் ஷெட் முழுக்கக் கேட்டது.

“இதை அனுப்புனது நான்,” என்றார் தவசிமுத்து. “பதிலும் எனக்குத் தெரியும். என்ன போகுதுன்னு பாக்காமலே என் பேர்ல அனுப்ப விட்டேன்.” அன்று ஆஸ்பத்திரி வாசலில் தான் பார்த்ததை அவர் சொன்னார். சொல்லும்போது சீனியம்மாளின் முகத்தைப் பார்த்தேதான் சொன்னார். சுலபமாக இருக்கவில்லை.

சீனியம்மாள் டாக்டர் பக்கம் திரும்பினாள். “அவரு சொல்லுறது சரிதானா டாக்டரம்மா?”

“சரிதாம்மா. ஆனா எல்லாம் முடிஞ்ச பிறகாவது வெளிய வந்து உன்கிட்ட ரெண்டு வார்த்தை நான் பேசியிருக்கணும். உன்னைப் பாக்குற தைரியம் இல்லாம பின்வாசல் வழியாப் போயிட்டேன். அது யாரும் கேக்காத கேள்வி. அதுக்கும் பதில் சொல்லணும்ல.”

சீனியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் கோதை நினைத்தாள். துடைத்து முடித்தபோது அந்த முகத்தில் வேறு ஏதோ தளர்ந்திருந்தது. பாம்புக்கடி மருந்து இப்போது இருக்கிறதா என்று கேட்டாள். டாக்டர் மழுப்பவில்லை. தான் வேலையை விடும்போது இருந்தது, இப்போது இருக்கிறதா என்று இன்றைக்கே விசாரித்துச் சொல்கிறேன் என்றார். அன்று சாயங்காலமே போன் செய்து இருக்கிறது என்று சொல்லியும் விட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக எழுந்து வந்தாள். டாக்டர், தீ விபத்துக் கேள்வி தன்னுடையது என்று ஒப்புக்கொண்டு தவசிமுத்துவுக்காகப் பதில் சொன்னார். சில கேள்விகளுக்கு இருவருக்குமே நல்ல பதில் இல்லை. அதையும் சொன்னார்கள். ஒரு பெண்ணுக்கு இரண்டு பேர் சொன்னதும் பிடிக்கவில்லை. சத்தம் போட்டுவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். வேலை மணி அடித்தும் யாரும் எழவில்லை. முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, பத்து நிமிஷம் கழித்து வருகிறேன் என்று போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. டீக்கடை, நெசவுக்கூடம், காற்றாலை ஆட்கள் தங்குமிடம், பள்ளிவாசல் தெரு. கோதைக்குச் செய்வதற்கு வேலையே இல்லை. கார் கதவைத் திறந்துவிடுவதும் தண்ணீர் பாட்டில் கொடுப்பதுமாக இருந்தாள். திரையில் கோடு எதுவும் இல்லாததால் ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தெற்குத் தெருப் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்கு எதிரே போய் நின்றாள். சாவடி திறந்து வெகுநேரம் யாரையும் காணோம். கட்சி நிற்க முடியாமல் போனால் மருத்துவமனை போய்விடும். அதற்குக் காரணம் தான்தான் என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். பெங்களூருக்குத் திரும்பிப் போனாலும் அது கூடவே வரும். அப்போது தெரு முனையில் பேச்சுச் சத்தம் கேட்டது. ஷெட்டுப் பெண்கள் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலை முடிந்துகொண்டு, கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் முடியத் தாமதமாகிவிட்டது என்று முன்னால் வந்தவள் சொன்னாள். கோதை சுவரோரம் ஒதுங்கி அவர்களுக்கு வழி விட்டாள்.

மதியத்துக்குள் பாதியைத் தாண்டிவிட்டது. சாயங்காலம் எண்ணியபோது டாக்டர் பெல்சியா கொஞ்ச வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். தவசிமுத்து மேடை ஏறி டாக்டருக்கு மாலை போட்டார். கீழே இறங்கியதும் கோதையிடம், இன்றைக்குத்தான் ஒழுங்காகப் பசிக்கிறது என்றார். அதைக் கேட்டுத் தனக்கு வருத்தம் வர வேண்டும் என்று கோதை எதிர்பார்த்தாள். வரவில்லை. மாதக்கணக்கில் தலையில் சுமந்த எதையோ யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் ஷெட்டுப் பெண்கள் டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சீனியம்மாள் இவளுக்கும் ஒரு கிளாஸ் வாங்கி நீட்டினாள். கோதை அவள் பக்கத்தில் சுவரோரம் உட்கார்ந்தாள். நீங்கள் எல்லோரும் மனசு வெறுத்துப் போய்விட்டீர்கள், இனி ஓட்டுப் போடவே வரமாட்டீர்கள் என்று இயந்திரம் சொன்னது, நானும் அதை நம்பிவிட்டேன் அக்கா என்றாள்.

சீனியம்மாள் டீயை ஊதிக் குடித்தாள்.

“மொதல்ல வெறுத்துத்தான் போச்சு. நான் யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தேன். ஒருநா ஷெட்டுல தாங்க முடியாம அழுதுட்டேன். என்னன்னு கேட்டாளுக, போட்டுக் காட்டுனேன். பாத்தா ஒவ்வொருத்திக்கும் ஒண்ணு வந்திருக்கு. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டுந்தான் வந்ததுன்னு மறைச்சு வச்சிருக்கா. எல்லாத்தையும் ஒண்ணா உக்காந்து கேட்டோம். கேட்டு முடிச்சதும் கோவம் போயி சிரிப்பு வந்துருச்சு. அப்பத்தான் முடிவு பண்ணுனோம், ரெண்டு பேரும் வந்து நேருல பேசுற வரைக்கும் ஒருத்தியும் ஓட்டுப் போட வேண்டாம்னு. நெசவுக்கூடத்துக்கும் சொல்லி அனுப்புனோம், அங்கேருந்து மத்த ஊருக்கெல்லாம் போச்சு.”

கோதை கிளாஸைக் கீழே வைத்தாள். ஆள் வராத அந்த ஞாயிற்றுக்கிழமையை அவள் மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். மனம் உடைந்து வீட்டுக்குள் முடங்கியவர்கள் என்று அவளும் இயந்திரமும் எண்ணியவர்கள், பேசி வைத்துக்கொண்டு வராமல் இருந்திருக்கிறார்கள்.

“அவங்க ரெண்டு பேரும் வராமலே இருந்திருந்தா, அக்கா? கட்சியே நிக்க முடியாமப் போயிருக்குமே. ஆஸ்பத்திரி?”

“அதை விடுவோமா? ரெண்டாந்தடவை நடத்தும்போது புது ஆளும் நிக்கலாமாம்ல. விசாரிச்சு வச்சிருந்தோம். எங்கள்ல ஒருத்தியை நிறுத்தி, அவளுக்குப் போட்டிருப்போம்.”

“யாரை?”

சீனியம்மாள் குனிந்து டீ கிளாஸுக்குள் பார்த்தாள். சுற்றியிருந்த பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி அவள் தோளை இடித்தாள். சீனியம்மாள் காது வரைக்கும் வெட்கப்பட்டு, நல்ல வேளை தப்பித்தேன் என்றாள்.

கோதைக்கும் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியாமல் சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும், உள்ளாட்சித் தேர்தல் எப்போது வருகிறது என்று மெதுவாகக் கேட்டாள்.